சோம்பல் கண் என்று நான் எழுதிய குழந்தை: பார்வையை அழுத்திய மூளைக்கட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

எட்டு வயதுச் சிறுமி, மூன்றாம் வகுப்பு. தென்காசிப் பக்கம் ஊர். வீட்டில் பூ வியாபாரம். இடது கண் மங்கலாகத் தெரிகிறது என்று ஜூன் முதல் வாரம் எங்கள் குழந்தைகள் கண் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். தலைக்குள் கட்டி இருப்பது அக்டோபரில்தான் தெரிந்தது. நடுவில் போன நாலு மாதமும் என் கணக்கு.

பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். குழந்தை யாரென்று தெரியவிடும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லவில்லை. இந்தக் கட்டிக்கு என்ன சிகிச்சை என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எந்தத் துறைக்காரர் எந்தத் துறைக்காரருக்கு எந்த நேரத்தில் போன் செய்ய வேண்டும் என்பது ஒன்றிலும் இல்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றி.

முதல் மூன்று வருகைகள்

ஜூனில் வலது கண் 6/9, இடது கண் 6/24 (கீழ் எண் கூடக் கூட பார்வை குறைவு). பவர் பார்த்ததில் வலதில் +0.75, இடதில் +2.00. இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் இருந்தால், பவர் கூடிய கண்ணிலிருந்து வரும் மங்கலான படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிடும். சோம்பல் கண் என்பது அதுதான். கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்து ‘நரம்பு இயல்பு’ என்று எழுதினேன். கண்ணாடி, சோம்பல் கண்ணை வேலை வாங்க வலது கண்ணை மூடித் தினமும் 2 மணி நேரம் ஒட்டு, இரண்டு மாதம் கழித்து வரவும். இதே சீட்டை வாரத்துக்குப் பத்துப் பதினைந்து குழந்தைகளுக்கு எழுதுகிறேன். கை தானாக எழுதும்.

ஆகஸ்டில் இடது கண் 6/36. கண்ணாடியும் ஒட்டும் போட்ட சோம்பல் கண் ஏற வேண்டும். ஏறாவிட்டாலும் நின்ற இடத்திலாவது நிற்க வேண்டும். இது இறங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்து, “ஒட்டை ஒழுங்கா ஒட்டினீங்களா?” என்று கேட்டேன். “ஆவணி முகூர்த்தம் டாக்டர், பூவுக்கு ஓடினதுல சில நாள் விட்டுப்போச்சு” என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு விடை கிடைத்துவிட்டது. ஒட்டு நேரத்தை 6 மணியாக்கி அனுப்பினேன்.

அக்டோபரில் இடது கண் 6/60. நல்ல கண் என்று நான் நம்பிய வலது கண்ணும் 6/12-க்கு இறங்கியிருந்தது.

இங்கே ஒரு பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டார்ச் வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு ஊஞ்சல் போல மாற்றி மாற்றி அடிப்பது. இரண்டு பார்வை நரம்பும் சமமாக வேலை செய்தால் இரண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்கும். ஒரு நரம்பு நொந்திருந்தால், வெளிச்சம் அந்தக் கண்ணுக்கு வந்ததும் கண்மணி சுருங்குவதற்குப் பதில் விரியும். சோம்பல் கண்ணில் அந்த அளவுக்கு வித்தியாசம் தெரியாது. நரம்புக் கோளாறையும் சோம்பல் கண்ணையும் பிரித்துக் காட்ட இதைவிட மலிவான சோதனை இல்லை. அரை நிமிடம், ஒரு டார்ச்.

ஜூனிலும் ஆகஸ்டிலும் அதை நான் செய்யவில்லை. மறந்துபோகவில்லை. எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் குழந்தை வரிசையில் உட்கார்ந்ததுமே கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டுவிடுவார்கள். மருந்து வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும், கூட்டம் நகர வேண்டும். என் மேசைக்கு வரும்போது கண்மணி அகல விரிந்து அசையாமல் இருக்கும். மருந்து விட்ட கண்மணி எந்த வெளிச்சத்துக்கும் பதில் சொல்லாது.

சிவப்பு மூடி

மூன்றாவது முறை அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பாவும் ஆச்சியும் கூட வந்திருந்தார்கள். ஆச்சி உட்காரும் முன்பே ஆரம்பித்தார். “டாக்டரம்மா, இவளுக்குக் கண்ணு தெரியாம இல்ல. நாரைப் பாத்தா பூவு காணாமப் போவுதுங்கா. வேல செய்யச் சோம்பேறித்தனம்னு ரெண்டு வச்சேன்.”

ஆச்சிக்கும் எனக்கும் ஒரே சொல்தான் வாயில் வந்திருக்கிறது.

பூவு எப்படிக் காணாமல் போகும் என்று அவளையே கேட்டேன். ஆச்சியின் மடியிலிருந்து ஒரு துண்டு வாழைநாரை வாங்கி விரல்களுக்கு நடுவே பிடித்துக் காட்டினாள். நாரை உற்றுப் பார்த்தால் அதற்குப் பின்னால் இலையில் குவித்திருக்கும் மொட்டு தெரியாது. மொட்டைப் பார்த்தால் தெரியும். மறுபடி நாரைப் பார்த்தால் போய்விடும். எட்டு வயதில் இவ்வளவு துல்லியமாக நோயைச் சொன்ன இன்னொரு குழந்தையை நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு கண்ணிலும் மூக்குப் பக்க விழித்திரையிலிருந்து வரும் நரம்பு இழைகள், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே ஒன்றையொன்று கடந்து எதிர்ப்பக்கம் போகின்றன. கயாஸம் என்று நாங்கள் சொல்லும் இடம் அது. கடக்கும் இழைகள் நசுங்கினால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போகும். மிஞ்சுவது மூக்குப் பக்கத்துப் பாதி மட்டும். அப்படி இரண்டு பாதிகளை வைத்துக்கொண்டு கிட்டத்தில் ஒரு பொருளை உற்றுப் பார்க்கும்போது, அந்தப் பொருளுக்கு நேர் பின்னால் ஒரு முக்கோணப் பகுதி எந்தக் கண்ணுக்கும் தெரியாமல் போகிறது. அவளுடைய மொட்டு அந்த முக்கோணத்துக்குள் இருந்தது.

சொட்டு விட வந்த பணியாளரை நிறுத்தி டார்ச்சை எடுத்தேன். வெளிச்சம் இடது கண்ணுக்கு வந்ததும் கண்மணி மெல்ல விரிந்தது. அடுத்து, அதே சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, வெளிப்பக்கத்திலிருந்து மூக்குப் பக்கமாக நகர்த்தினேன். வெளிப்பக்கம் இருக்கும்போது “கலரே இல்ல”. நடுக்கோட்டைத் தாண்டியதும் “இப்ப சிவப்பு”. மற்ற கண்ணிலும் அதே. இரண்டு கண்ணிலும் நடுக்கோடு போட்டு வெட்டினதுபோல் மாறினால் கோளாறு கண்ணில் இல்லை.

அப்பாவின் கையில் பள்ளிக்கூடப் பை இருந்தது. கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பலகையில் 3774 என்றிருந்ததை 374 என்று எழுதியிருக்கிறாள். இன்னொரு பக்கத்தில் 258 என்பது 2558. ஆசிரியை சிவப்பு மையில் ‘கவனம்’ என்று எழுதியிருந்தார். இரண்டு பாதிப் பார்வையையும் நடுவில் தைத்து வைக்க ஒன்றும் இல்லாதபோது, கண்கள் லேசாக விலகினாலும் கூடினாலும் நடு எழுத்து இரட்டிக்கும் அல்லது விழுங்கப்படும்.

பிறகு கேட்கக் கேட்க எல்லாம் வந்தது. ஏழு மாதமாகக் காலையில் தலைவலி, சில நாள் வாந்தி. உள்ளூரில் பித்தம் என்றார்கள், பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு வருடமாக அதே யூனிஃபார்ம், அளவு மாறவில்லை. உயரம் 112 செ.மீ., எடை 21 கிலோ. ராத்திரி நாலைந்து முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறாள். விட்டிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்திருக்கிறது. தலைவலியை ஒருவரிடம், உயரத்தை இன்னொருவரிடம், கண்ணை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர்த் தாகத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதை நோய் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. நானும் ஜூனில் உயரத்தைக் கேட்கவில்லை. கண் ஆஸ்பத்திரியில் உயரம் அளக்கும் பலகையே இல்லை.

ஜூனில் எடுத்த விழித்திரைப் படத்தைக் கணினியில் மறுபடி திறந்தேன். இடது நரம்புத் தட்டில் வெளுப்பு அப்போதே ஒரு பட்டையாக, போ-டை வடிவில் தொடங்கியிருந்தது. அது கயாஸத்தின் கையெழுத்து. தெரிந்து பார்த்தால் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வெள்ளி

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த வாரம் ஆயுத பூஜை. பூக்காரக் குடும்பத்துக்கு வருடத்தில் பெரிய நாள். “பூஜை முடிஞ்சதும் வாரோம் டாக்டர்” என்றார் அப்பா. சீட்டில் ‘அவசரம்’ என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருப்பார். எங்கள் சமூகப் பணியாளர் அவரை வெளியே டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். என்ன பேசினார் என்று கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது ஆச்சி கடையைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது.

அந்த நேரத்தில் நான் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையின் மூளை அறுவை மருத்துவருக்கு போன் செய்தேன். கடிதம் அனுப்பவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி: “எவ்வளவு நாள் இருக்கு நமக்கு?”

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது; உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி வேலூரில் 1949-ல் தொடங்கினார். இடையில் 130 வருடம். கண் மருத்துவம் நம் ஊரில் தனிக் கட்டடத்தில், தனி வரிசையில், தனக்கென்று ஒரு வேகத்தோடு வளர்ந்துவிட்டது. பல லட்சம் பேருக்குப் பார்வை கொடுத்தது அந்த வேகம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்குப் பின்னால் நோய் உள்ள குழந்தைக்கு அந்தத் தனிக் கட்டடம் ஒரு மதில்.

எம்.ஆர்.ஐ. அன்றிரவே எடுத்தார்கள். பிட்யூட்டரிக்கு மேலே 3.8 செ.மீ. நீளக் கட்டி, பெரும்பகுதி நீர்ப்பை, கொஞ்சம் கெட்டிப் பாகம். சி.டி.யில் சுண்ணாம்புத் துகள்கள். கயாஸம் அதன் மேல் நாடா போல இழுபட்டிருந்தது. மூளை நீரறைகள் லேசாக விரிந்திருந்தன. தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தும் கண் நரம்பில் வீக்கம் இல்லாதது சிலருக்குக் குழப்பமாக இருந்தது. செத்துப்போன இழைகள் வீங்காது. வெளுத்த நரம்பில் வீக்கம் இல்லை என்பது ஆறுதல் அல்ல.

கிரேனியோஃபாரிஞ்சியோமா. 1904-ல் யாக்கோப் எர்ட்ஹைம் விவரித்தது. 1932-ல் ஹார்வி குஷிங் எழுதியதிலிருந்து இந்தப் பெயர் நிலைத்தது. கருவில் பிட்யூட்டரி உருவாகும்போது மிஞ்சிப்போகும் செல்களிலிருந்து வருகிறது. புற்றுநோய் அல்ல. குழந்தைகளில் 5 முதல் 14 வயதுக்குள் அதிகம். நுண்ணோக்கியில் சாது, இருக்கும் இடத்தால் கொடியது: மேலே கயாஸம், கீழே பிட்யூட்டரி, பின்னால் பசி, தாகம், தூக்கம் எல்லாவற்றையும் ஆளும் ஹைப்போதலாமஸ்.

திங்கட்கிழமை காலை இடது கண்ணில் ஒரு மீட்டரில் விரல் எண்ணத்தான் முடிந்தது. வெள்ளிக்கிழமை 6/60 படித்த கண். அறுவை மருத்துவரின் கேள்விக்கு அதுதான் பதில்.

செவ்வாய்க் கூட்டம்

அங்கே செவ்வாய்தோறும் கட்டிகளுக்கான கூட்டம் உண்டு. மூளை அறுவை, குழந்தைகள் ஹார்மோன், கதிர்வீச்சு, குழந்தைகள் புற்றுநோய், ஸ்கேன், மயக்க மருந்து எனப் பல துறையினர் இருந்தார்கள். கண் மருத்துவர் அதுவரை அந்தக் கூட்டத்தில் கிடையாது. நான் வீடியோவில் சேர்ந்தேன்.

முதலில் பேசியவர் புற்றுநோய் மருத்துவர். இதே இடத்தில் இதே வயதில் வரும் இன்னும் இரண்டு கட்டிகளை அவர் விலக்கச் சொன்னார். பார்வை நரம்புக் கிளையோமா என்றால் கத்தி முதல் ஆயுதமே இல்லை, கீமோதெரபி போதும். முளைசெல் கட்டி என்றால் தாகமும் சிறுநீரும்தான் முதல் அறிகுறி, அதற்கும் மருந்தும் கதிர்வீச்சும் கேட்கும். முளைசெல் கட்டியைத் தேட ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்று இரண்டு ரத்தப் பரிசோதனை. இரண்டும் இயல்பாக வந்தன. சுண்ணாம்புத் துகளும் நீர்ப்பையும் சேர்ந்ததால் சந்தேகம் போயிற்று.

அடுத்தது வாக்குவாதம். அறுவை மருத்துவர் மறுநாள் காலையே திறக்க வேண்டும் என்றார். கண் நாளுக்கு நாள் போகிறது, என் அளவுகள்தான் அவருக்குச் சாட்சி. ஹார்மோன் மருத்துவர் ரத்த முடிவைப் படித்தார். நெருக்கடியைத் தாங்க உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசால் ஹார்மோன் காலை 8 மணிக்கு 1.8, மிகக் குறைவு. தைராய்டு அளவும் குறைவு. கார்ட்டிசால் இல்லாத குழந்தைக்குக் கத்தி வைக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்தால் மீளாது. தைராய்டு மாத்திரையை முதலில் தொடங்கினாலும் ஆபத்து. உடம்பின் வேகம் கூடும், மிச்சமிருக்கும் கொஞ்சக் கார்ட்டிசாலும் தீர்ந்துவிடும். முதலில் கார்ட்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் மற்றது. “இன்னிக்கு ராத்திரி முதல் டோஸ். வியாழக்கிழமை திறங்க. ஒரு நாள் கொடுங்க எனக்கு” என்றார். கொடுத்தார்கள்.

அந்த ஒரு நாளில் வேறொன்று வெளிவந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் உள்ளே போனதும் சிறுநீர் கொட்டத் தொடங்கியது. கார்ட்டிசால் குறைவு அதுவரை இன்னொரு குறையை ஓரளவு மூடி வைத்திருந்தது: சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் சுரக்கவில்லை. உடம்பில் தண்ணீர் குறைந்து ரத்தத்தில் சோடியம் 149-க்கு ஏறியது. மறுநாளே திறந்திருந்தால் இதெல்லாம் மேசையில் நடந்திருக்கும்.

எவ்வளவு எடுப்பது என்பது அடுத்த கேள்வி. ஒரு காலத்தில் இந்தக் கட்டியை வேரோடு எடுப்பதே பெருமை. எடுத்துவிட்டு, ஹைப்போதலாமஸ் சிதைந்து அடங்காப் பசியோடு பெருத்துக்கொண்டே போகும் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2007-ல் பாரிஸ் அறுவைக் குழு, ஹைப்போதலாமஸ் எந்த அளவு சிக்கியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ.யில் தரம் பிரித்து, அதைப் பொறுத்து எவ்வளவு எடுப்பது என்று முடிவுசெய்யும் முறையை வெளியிட்டது. இவளுக்கு ஹைப்போதலாமஸ் கட்டியோடு ஒட்டியிருந்தது. முழுதாக எடுக்கும் பேச்சு அங்கேயே முடிந்தது.

என் பங்கு, விழித்திரையின் அடுக்குகளை அளக்கும் ஓசிடி படம். விழித்திரையில் நரம்பு செல்களின் அடுக்கு இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கப் பாதியில் மட்டும் மெலிந்திருந்தது. இடதில் மெலிவு அதிகம்; வலதில் லேசு. அடுக்கு மெலியாமல் பார்வை மட்டும் குறைந்திருந்தால் அழுத்தம் நீங்கியதும் திரும்பும் வாய்ப்பு அதிகம்; மெலிந்துவிட்டால் குறைவு. எனவே ‘வலதைக் காப்பாற்றலாம், இடதில் கொஞ்சம் கிடைக்கலாம்’ என்றேன். திட்டம் அப்படி உருவானது: நீர்ப்பையை வடித்து கயாஸத்தை விடுவிப்பது, கழலும் அளவுக்கு மட்டும் உரிப்பது, ஒட்டியதை விட்டுவிட்டுக் கதிர்வீச்சுக்கு அனுப்புவது, நீர்ப்பைக்குள் ஒரு குழாயும் தோலுக்கு அடியில் சிறு தேக்கமும் வைத்துவிட்டு வருவது.

பெற்றோரிடம் யார் பேசுவது என்பதையும் அன்றே தீர்மானித்தோம். அதற்குள் ஒருவர் ‘எடுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்றும், இன்னொருவர் ‘வாழ்நாள் மாத்திரை’ என்றும், நான் ‘ஒரு கண்’ என்றும் சொல்லியிருந்தோம். மூன்றும் உண்மை. அப்பா மூன்று பேருக்கும் தலையாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து ஹார்மோன் மருத்துவர் மட்டும் பேசினார். அவர்தான் அவளை இனி வருடக்கணக்கில் பார்க்கப் போகிறவர்.

பதினொரு நாள்

அறுவை நாலரை மணி நேரம். நீர்ப்பையிலிருந்து வந்தது பழைய இன்ஜின் ஆயில் நிறத்தில் இருந்ததாம், அதில் மினுமினுப்பாகக் கொலஸ்ட்ரால் படிகம். பாடப்புத்தக வர்ணனை அப்படியே.

இந்த அறுவைக்குப் பிறகு தண்ணீர்க் கணக்கு மூன்று கட்டமாக வரலாம். முதல் சில நாள் சிறுநீர் கொட்டும், சோடியம் ஏறும். பிறகு, அடிபட்ட நரம்பு முனைகள் சேர்த்து வைத்த ஹார்மோனைக் கட்டுப்பாடில்லாமல் விடும். சிறுநீர் நிற்கும், சோடியம் சரியும். கையிருப்பு தீர்ந்ததும் மறுபடி கொட்டும், பெரும்பாலும் நிரந்தரமாக. அந்த ஹார்மோனுக்குப் பதிலாக முதல் கட்டத்துக்குக் கொடுக்கும் டெஸ்மோபிரசின் இரண்டாம் கட்டத்தில் விஷம்.

முதல் மூன்று நாள் கிலோவுக்கு மணிக்கு 6 மி.லி. சிறுநீர், சோடியம் 152 வரை. ஐந்தாம் நாள் அதிகாலை டெஸ்மோபிரசின் டோஸ் எழுதியிருந்தது. இரவுப் பணிச் செவிலியர் சிறுநீர்ப் பையைப் பார்த்தார். இரண்டு மணி நேரத்தில் 30 மி.லி.கூட இல்லை. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹார்மோன் மருத்துவரை எழுப்பி, “சார், இதைப் போடணுமா?” என்று கேட்டார். போட வேண்டாம் என்றார். காலையில் சோடியம் 127. போட்டிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று அந்த வார்டில் எல்லாருக்கும் தெரியும். கேட்க அவருக்குத் தைரியம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு: கட்டிலின் தலைமாட்டில், எந்த எண்ணைத் தாண்டினால் யாரை எழுப்பலாம் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் ‘எந்த நேரமானாலும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் ஹார்மோன் மருத்துவர்.

அதே காலை இன்னொரு பதற்றம். தினமும் 7 மணிக்கு ஒரு கண் பரிசோதகர் படுக்கையருகே வந்து கிட்டப் பார்வை அட்டையையும் சிவப்பு மூடியையும் வைத்துப் பார்ப்பார். நாலு நாளாக வலது கண் ஏறி வந்தது. அன்று அவள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ரத்தக் கசிவு கயாஸத்தை அழுத்துகிறதோ என்று சி.டி.க்கு ஓடினார்கள், ஒன்றும் இல்லை. சோடியம் குறைந்த மயக்கத்தில் அட்டையைப் பார்க்கும் மனசே இல்லை. டார்ச் வைத்துப் பார்த்திருந்தால் கண்மணி மாறவில்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். மறுநாளிலிருந்து படிக்கும் அளவோடு டார்ச் முடிவையும், அருகில் அன்றைய சோடியத்தையும் ஒரே வரியில் எழுதினார்கள். இந்த வரியைத்தான் நான் பிறகு மற்ற மருத்துவமனைகளுக்கும் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் மூன்றாம் கட்டம். பதினொன்றாம் நாள் டெஸ்மோபிரசின், ஹைட்ரோகார்ட்டிசோன், தைராக்சின் மூன்றோடும் வார்டை விட்டு வந்தாள். வலது 6/9, இடது 6/60.

கதிர்வீச்சின் மூன்றாம் வாரம்

சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று 2023-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கட்டியைக் கட்டுப்படுத்துவதில் புரோட்டானும் வழக்கமான எக்ஸ் கதிரும் ஏறத்தாழ ஒன்றுதான்; படிப்பு, நினைவாற்றல் போவது புரோட்டானில் குறைவு. குடும்பத்திடம் இதை மறைக்காமல் சொன்னோம். செலவையும் ஆறு வாரம் சென்னையில் தங்குவதையும் கணக்குப் போட்டுவிட்டு, அருகிலேயே முதலமைச்சர் காப்பீட்டில் எக்ஸ் கதிர் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். 54 கிரே, 30 தவணை. முகத்துக்கு அச்சு எடுத்த வலைமூடியை ஒரு நாள் விளையாட்டாக மாட்டிப் பழக்கியதால் மயக்க மருந்து தேவைப்படவில்லை.

கதிர்வீச்சு நடக்கும்போதே நீர்ப்பை வீங்கும் வழக்கம் உண்டு. எனவே வாரம் ஒரு முறை கண் அளவு. மூன்றாம் வாரம் வலது கண் 6/9-லிருந்து 6/18-க்கு வந்தது. அவளுக்குத் தலைவலி இல்லை, வாந்தி இல்லை, புகாரும் இல்லை. கண் பரிசோதகர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார், பிறகு போன் எடுத்தார். அன்று மாலை எம்.ஆர்.ஐ.யில் நீர்ப்பை மறுபடி நிறைந்திருந்தது. தோலுக்கு அடியில் இருந்த தேக்கத்தில் ஊசி வைத்து 6 மி.லி. வடித்தார்கள். கட்டியின் வடிவம் மாறிவிட்டதால் கதிர்வீச்சுத் திட்டத்தைத் திரும்பப் போட்டார்கள். ஐந்தாம் நாள் 6/9.

அறுவையின்போது அந்தக் குழாய் வேண்டுமா என்று கூட்டத்தில் ஒரு நிமிடம்தான் பேசினோம். வலது கண் இன்று இருப்பது அந்த ஒரு நிமிடத்தால்.

ஊரில்

பள்ளியில் நடு வரிசையில், பலகைக்கு நேராக இடம். படிக்கும் வரி மட்டும் தெரியும்படி நடுவில் பிளந்த கறுப்பு அட்டை ஒன்று செய்து கொடுத்தோம். கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்தில் ஓர் எண். நடு எண் இப்போது காணாமல் போவதில்லை. ரோட்டைக் கடக்கும்போது கண்ணைத் திருப்பினால் போதாது, தலையைத் திருப்ப வேண்டும் என்பதை ஆச்சியிடம் சொன்னோம், அவளிடம் அல்ல. ஆச்சி பூக்கட்டுவதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்: மொட்டுக் குவியலை நாருக்குப் பின்னால் வைக்காமல் மடியில், நாருக்கு இந்தப்பக்கம் வைத்தார். கண் மருத்துவராக எனக்கு அது தோன்றவில்லை.

அதைவிட முக்கியம் காய்ச்சல். கார்ட்டிசால் சுரக்காத குழந்தைக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். மாத்திரை வயிற்றில் நிற்காவிட்டால் 50 மி.கி. ஊசி, உடனே. அட்டை ஒன்று அம்மாவிடம், ஒன்று வகுப்பு ஆசிரியையிடம், ஒன்று ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம். மருந்தையும் அங்கேயே வைத்தார்கள். பிப்ரவரியில் ஒரு வயிற்றுப்போக்கின்போது அந்த ஊசி தேவைப்பட்டது. கண் காப்பாற்றப்பட்ட குழந்தை ஒரு வயிற்றுப்போக்கில் போயிருக்கும்.

பின்குறிப்பாகச் சில

பிரிட்டனில் 2011-ல் ஹெட்ஸ்மார்ட் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். குழந்தைகளின் மூளைக்கட்டி அறிகுறிகளை அட்டையில் அச்சடித்து பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் கொடுத்தார்கள். முதல் அறிகுறியிலிருந்து கண்டுபிடிப்பு வரை ஆகும் நடு அளவுக் காலம் 14.4 வாரத்திலிருந்து 6.7 வாரமாகக் குறைந்தது. இவளுக்கு ஆனது சுமார் 30 வாரம். அட்டை இருந்திருந்தால் பூச்சி மருந்து கொடுத்தவர் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். எனக்கு அட்டை தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது சொட்டு விடுவதற்கு முன் அரை நிமிடம். இப்போது எங்கள் பிரிவில் டார்ச் பார்த்ததற்கான கட்டம் நிரப்பப்படாமல் சொட்டு விடுவதில்லை. வரிசை நகர்வது மெதுவாகியிருக்கிறது. நிர்வாகத்துக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. உயரம் அளக்க சுவரில் ஒரு டேப் ஒட்டியிருக்கிறோம்.

ஒட்டு போட்டும் ஏறாமல் இறங்குகிற கண்ணை, அம்மா ஒட்டவில்லை என்று முடிவுகட்டும் முன் ஒரு முறை சந்தேகப்படுங்கள். அம்மா ஒட்டியிருக்கலாம். இந்த அம்மா ஒட்டியிருந்தார். விட்டுப்போனது மூன்று நாள்தான் என்று பிறகு ஆச்சி சொன்னார்.

இன்றைய நிலை: அறுவை முடிந்து பதினான்கு மாதம். கட்டியின் மிச்சம் எம்.ஆர்.ஐ.யில் சுருங்கியிருக்கிறது. எடை 21-லிருந்து 31 கிலோ. பசியை எவ்வளவு கட்டுப்படுத்த முடியும் என்று உணவு ஆலோசகர் பார்க்கிறார், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வளர்ச்சி ஹார்மோன் தொடங்குவதில் ஹார்மோன் மருத்துவருக்கும் கதிர்வீச்சு மருத்துவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை; அடுத்த எம்.ஆர்.ஐ. வரை ஒத்திவைத்திருக்கிறார்கள். வலது கண் 6/9. இடது கண், மறுபடி ஒட்டு தொடங்கும் வரை, 6/36-ல் நின்றிருந்தது.

நரம்பு போனதால் 6/36-ஆ, அல்லது அதன்மேல் உண்மையிலேயே கொஞ்சம் சோம்பல் கண்ணும் சேர்ந்திருக்கிறதா? அந்தக் கண்ணின் பவர் வித்தியாசம் உண்மை. நான் ஜூனில் எழுதியது முழுப் பொய்யும் அல்ல. ஏழு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கும் ஒட்டு பலன் தரும் என்று 2005-ல் அமெரிக்கக் குழந்தைக் கண் மருத்துவர்களின் கூட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. செய்து பார்க்காமல் தெரியாது. ஆனால் வலது கண்ணை மூடினால் இடது கண்ணின் மூக்குப் பக்கப் பாதிதான் மிஞ்சும். இடது புறம் முழுவதும் இருட்டு. ஆகவே வீட்டில், உட்கார்ந்த இடத்தில், தினம் 2 மணி நேரம், எழுந்து நடக்கக் கூடாது, 12 வாரத்தில் ஏறாவிட்டால் நிறுத்துவது என்று கூட்டத்தில் முடிவுசெய்தோம்.

ஒட்டுப் பெட்டியை மேசையில் எடுத்து வைத்ததும் அம்மா என்னைப் பார்த்தார். நான் இரண்டு ஒட்டையும் பற்றி, அன்றைய ஒட்டையும் இன்றைய ஒட்டையும், முதலிலிருந்து சொன்னேன். அன்று அவரைக் கேட்ட கேள்விக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டாம் வாரம் இடது கண் 6/24 படித்தது. அதற்குப் பிறகு ஏறவில்லை, நிறுத்திவிட்டோம்.